வாய்தா பார்த்த புறா

குடும்பக் கோர்ட்டு வெண்டிலேட்டரில் குடியிருந்த பெட்டைப் புறாவுக்கு ஒருநாள் வெறுத்தே போய்விட்டது. கட்டினவன் ஜன்னலுக்கு ஜன்னல் போய்க் குனுகிக்கொண்டிருந்தால் எவள்தான் பொறுப்பாள்? "பிரிஞ்சிடலாம்" என்றாள். "ரொம்ப சந்தோஷம்" என்றான் அவன்.

சேதி கேட்டதும், பிறவியிலேயே கறுப்பு அங்கி போட்ட காகம் பறந்து வந்தது. "கேஸ் போடு தாயி. கூடு, குஞ்சு எல்லாத்தையும் உனக்கே வாங்கித் தாரேன்."

பெட்டை கீழே எட்டிப் பார்த்தாள். "அந்தப் பெஞ்சில ஆளுக்கொரு மூலையா உட்காந்திருக்குதுங்களே, அதுங்க முதல் வாய்தாவுக்கு வந்தப்போ நான் முட்டைக்குள்ள இருந்தேன். இப்போ என் குஞ்சு அதுங்க கேஸ் கட்டு மேல எச்சம் போடுது. போய்யா!"

இரண்டு புறாக்களும் மத்தியஸ்தம் பண்ணச் சொல்லிச் சுவர்ப் பல்லியிடம் போயின. ஒருத்தர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் பல்லி போட்ட ஒரே கண்டிஷன். இரண்டும் மாறி மாறிக் கொட்டித் தீர்த்தன. பல்லி நடுநடுவே "ச்சு, ச்சு" என்றது. மத்தியானத்துக்குள் பேசி முடிந்துவிட்டது.

காகத்துக்குப் பொறுக்கவில்லை. "கூடு யாருக்குக் கிடைச்சுது?"

"குஞ்சுக்கு. நாங்கதான் முறை வச்சு வந்து போறோம்."

"அப்போ ஜெயிச்சது யாரு?" என்று அண்ணாந்த காகத்தின் அங்கியில் சொத்தென்று ஒன்று விழுந்தது. மேலே, கூட்டு விளிம்பில், குஞ்சு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.