முதல் பக்கச் சேதி

கட்டடச் சங்கச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் கையில் பேப்பரோடு கேட்டருகே நின்றார். குளிக்கக்கூட இல்லை. பின்னால் வீட்டுக்கு ஓர் ஆளாகக் கூட்டம்.

காவலாளி செல்லப்பாண்டி ஸ்டூலை விட்டு எழுந்தான்.

பம்பாய் மாட்டுங்காவின் அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம். வெளியே போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் ஆணியில் மாட்டி வைப்பான். வேலைக்காரிக்கும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் அவன்தான் எடுத்துக் கொடுப்பான். நம்ம ஊர் ஆள் இருக்கும்போது கூர்க்கா எதற்கு என்று பீற்றிக்கொண்டவர்கள்தான் எல்லோரும்.

இன்று ஒவ்வொருவராக வந்து சாவியைத் திருப்பி வாங்கினார்கள். ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. காவலாளிகளே திருடர்களுக்குக் கூட்டாளிகளாம். நம்பிக் கொடுத்த சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுக்கிறார்களாம். பம்பாய் முழுக்க இதே கதையாம்.

அதே கட்டடத்தில் குடியிருக்கும் நிருபன் பஞ்சு கூட்டத்தின் கடைசியில் நின்றான். அதை எழுதியவன் அவன்தான். பெயர் போடாத சேதி என்பதால் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

பாகிஸ்தான் சண்டை ஓய்ந்ததிலிருந்து முதல் பக்கத்துக்குச் சரக்கில்லை என்று ஆசிரியர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். செம்பூரில் ஒரே ஒரு காவலாளி இப்படிச் செய்தது பஞ்சுவின் காதுக்கு வந்தது. உள்ளபடி எழுதினால் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி. ஊரே செய்வதாக எழுதினான். நேற்றுதான் ஆசிரியர் முதல்முறையாக அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனி தொப்பியும் பூட்ஸுமாகக் காவலர்களை அனுப்புகிறதாம், கைரேகைகூட வாங்கி வைத்திருக்கிறதாம். அதன் விளம்பரமும் அதே பேப்பரில் இருந்தது. திங்கட்கிழமையே வரச் சொல்லலாம் என்றார் ஒருவர்.

ஆறு வருஷத்தில் ஓர் ஊசிகூடக் காணாமல் போனதில்லையே என்று இன்னொருவர் முனகினார்.

செல்லப்பாண்டி வெறுமையாகிவிட்ட ஆணிகளைப் பார்த்தான். இந்த வேலையை நம்பித்தான் போன மாதம் மனைவி பூமாரியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரிலிருந்து, கூலித் தொழிலாளர் குடியிருக்கும் லேபர் கேம்ப்புக்கு அழைத்து வந்திருந்தான்.

செயலாளருக்கும் மனசு கேட்கவில்லை போலும். திரும்பிப் பார்த்தார்.

"பஞ்சு, நீதான் பத்திரிகையிலே இருக்கே. இது நெஜமா, இல்லே சும்மா ஊதி எழுதினதா?"

ஊதி எழுதியதுதான் மாமா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது போதும். பஞ்சுவின் கண் செல்லப்பாண்டியின் பக்கம் போனது.

செல்லப்பாண்டி அவனையே பார்த்தான். பிறகு, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.

விசாரிக்காமல் நாங்கள் எதையும் போடுவதில்லை என்றான் பஞ்சு. குரல் நடுங்காதது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

செல்லப்பாண்டி காக்கிக் கோட்டைக் கழற்றி, மடித்து, ஸ்டூல்மேல் வைத்தான்.

போன வாரம் இதே இடத்தில் செம்பூர் விஷயத்தைப் பஞ்சுவிடம் சொன்னவன் அவன்தான். சாவியை இப்படி ஆணியில் மாட்டுவது ஆபத்து, பூட்டு வைத்த பெட்டி ஒன்று செய்து தரும்படி செயலாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். செம்பூர்க்காரன் லேபர் கேம்ப்பில் அடுத்த வீடு, சொன்னது நான் என்று தெரிந்தால் வெட்டிவிடுவான் என்றும் சொல்லியிருந்தான்.

வெளியே போகும்போது பஞ்சுவின் பக்கத்தில் ஒரு நொடி நின்று கும்பிட்டான்.

"எம்பேரச் சொல்லாம காப்பாத்திட்டீக சார்."