கடல்நாய்ப் பாறை

"பேர் சொல்லுங்கம்மா" என்றாள் ரேடியோக்காரி கிளீனா.

"மேரி. கெர்ரிப் பக்கம்" என்று கூசாமல் பொய் சொன்னாள் நாப்லா. கெர்ரி எங்கோ தெற்கே கிடந்தது. அவள் வாழ்நாளில் அங்கே கால் வைத்ததில்லை.

முதியோர் இல்லத்தின் நடைவழியில், கோட்டுகள் தொங்கும் மூலையில் கைப்பேசியோடு நின்றிருந்தாள். எதிரே கண்ணாடி பதித்த கதவு. அதற்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவள் கணவன் கோல்மன். தலைமாட்டில் முழுச் சத்தத்தில் ரேடியோ.

நேயர்கள் கூப்பிட்டுப் பேசும் அந்த ரேடியோ நிகழ்ச்சியில் அன்று ஒரே ரகளை. படுக்கையறைக்குள் போனதும் நாம் ஏன் நம் ஐரிஷ் மொழியைக் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம்? நம் மொழியில் உடம்புக்குச் சொல் இல்லையா, இல்லை நமக்குத்தான் வெட்கமா? கிளீனா கேட்கப்போக, ஒருவர் கூப்பிட்டுத் திட்டினார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தார். மாட்டு டாக்டர் பேசுவது போல இருந்தது.

நாப்லாவுக்கு மட்டும் வெட்கம் இல்லையா என்ன? ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிப்பவள் அவள். இந்தக் கரையில் யாராவது இருமினாலே எந்த வீட்டு இருமல் என்று சொல்லிவிடுவார்கள். பொய்ப் பெயர் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆனால் கோல்மன் அவளை மறந்து ஒரு குளிர்காலமே போய்விட்டது. தினமும் வந்து கஞ்சி ஊட்டுகிறவளை 'நர்ஸம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறான்.

போன வாரம் அவன் காதோரம் குனிந்தாள். அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பழைய பேச்சு ஒன்று உண்டு. அதைச் சொன்னால் நினைவு வருமோ என்று ஒரு நப்பாசை. வாயைத் திறப்பதற்குள் அவன் பதறிப்போய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம்மா. நான் கல்யாணமானவன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து இரண்டையும் செய்தாள்.

இப்போதெல்லாம் அவன் வாய் கொடுப்பது ரேடியோவுக்கு மட்டும்தான். வானிலை சொல்கிறவனிடம், "நீ கடலைப் பாத்திருக்கியாடா?" என்று சண்டைக்குப் போவான். வேறு யார் சொல்வதும் அவன் காதில் ஏறுவதில்லை.

அதனால்தான் இன்று நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டாள்.

"பக்கத்துல ரேடியோ ஓடுதாம்மா? கொஞ்சம் குறைச்சிடுங்களேன்."

"அது மட்டும் முடியாதும்மா" என்று நாப்லா இன்னும் இரண்டடி தள்ளி நின்றாள்.

கல்யாணமான முதல் கோடை. மாமியார் துக்க வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் கழுத்துக்குக் கீழே எதற்கும் பெயர் சொல்லித் தந்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்தவை ஆஸ்பத்திரிச் சொற்கள். அடுத்த வீட்டுக் கரண்டி போல, வாயில் வைக்கவே கூச்சம்.

கோல்மனுக்கும் சொல் தெரியாது. ஆனால் அவன் படகுக்காரன். கரையிலிருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் தெரியும். அந்த அடையாளம் பார்த்தே வீடு வந்து சேருகிறவன்.

அவளையே கரையாக்கிக்கொண்டான். தோள் ஒரு முனை. வயிறு வெள்ளை மணல். இடது மார்புக்குக் கீழே இருந்த மச்சம் கடல்நாய்ப் பாறை. விரல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றது. எத்தனை வருடமானால் என்ன, அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு சுடுகிறது.

"உங்க வீட்டுல எப்படிப் பேசிக்குவீங்க, மேரிம்மா?"

கண்ணாடி வழியே கட்டிலைப் பார்த்தபடி நாப்லா சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் சொல்வார். 'கடல்நாய்ப் பாறை தாண்டியாச்சு. இனி பாயை இறக்கிடலாம்'னு."

கிளீனா விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தப் பாறை எங்க இருக்குன்னு நான் கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

ஒரு மூச்சு தாமதித்து, கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியோவிலிருந்து அவள் குரலே திரும்ப வந்தது. கோல்மனின் தலை தலையணையிலிருந்து எழுந்தது.

நாப்லா கைப்பேசியை அணைத்துவிட்டுத் திரும்பினாள். டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் கண் சிமிட்டினாள்.

"கெர்ரிக்கார மேரிக்கு டீ வேணுமா?"

நாப்லா உள்ளே ஓடினாள்.

கோல்மன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிவந்து கிடந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். அவளைக் கண்டதும் கையை எட்டிப் பிடித்தான். அந்தப் பிடி அவளுக்குத் தெரிந்த பிடிதான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நர்ஸம்மா, அந்த ரேடியோவை நிறுத்து. சீக்கிரம்."

"ஏன்?"

"நாப்லா காதுல விழுந்துச்சுன்னா என்னைக் கொன்னே போட்டுருவா. நான்தான் வெளிய சொல்லிட்டேன்னு நெனைச்சுக்குவா." அவன் கண்களில் நிஜமான பயம் இருந்தது. "சத்தியமா நான் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா."

நாப்லா ரேடியோவை நிறுத்தினாள்.

"நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவன் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தான். பிடித்த கையை மட்டும் விடவில்லை.