தகரத்துக்கு மேலே அடிங்க

"அடிங்க! இன்னும் ஓங்கி அடிங்க! சுவத்துக்கு வலிக்காது."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினார். ரப்பர் பந்து முன்சுவரின் அடியில் இருந்த தகரப் பட்டையில் மோதி ‘டங்’ என்றது.

"தகரத்துல பட்டா பாயிண்ட் போச்சு. அதுக்கு மேலதான் அடிக்கணும்," என்றார் கோச். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. குட்டை முடி, இருபது வயசுக்காரியின் ஓட்டம். "திரும்பி வர்ற பந்து தரையில ஒரு தடவை குதிக்கலாம். ரெண்டாவது தடவை குதிக்கறதுக்குள்ள நீங்க எடுத்துடணும். அவ்வளவுதான் ஸ்குவாஷ்."

"சொல்றதுக்கு அவ்வளவுதான் மேடம்." முப்பது வருஷமாக மிஷின் முன்னால் குனிந்தே பழகிய முதுகைத் தடவிக்கொண்டார் தையல்காரர்.

இது ஏழாவது கிளாஸ். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்துவிடுவார். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

"இந்த வயசுல எதுக்கு சார் திடீர்னு இந்த ஆசை?"

"ஆசையா? பயம் மேடம். என் பொண்ணு ஒரு பையனை விரும்புறா. ஞாயித்துக்கிழமை அவங்க வீட்ல இருந்து பேச வர்றாங்க. அங்க எல்லாருக்கும் இந்த ஆட்டம்னா உயிராம். கோப்பை எல்லாம் ஜெயிச்சவங்களாம். பையனோட அப்பா இதைப் பத்திப் பேச்செடுத்தா, நான் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாதில்ல? பட்டன் தைக்கறவன்தானேன்னு அந்த மனுஷன் ஒரு பார்வை பார்த்துட்டா, என் பொண்ணு தாங்கமாட்டா."

"பொண்ணு என்ன பண்றா?"

"பல் டாக்டர். பாலத்துக்குப் பக்கத்துல புதுசா வந்திருக்கே, அந்த ஆஸ்பத்திரி."

கோச் பந்தை அடித்தார். ஏழு கிளாஸில் முதல் தடவையாக, அவர் அடித்த பந்து தகரத்தில் பட்டது.

"சரி, வாங்க. ஒரு கேம் ஆடிப் பார்த்துடலாம். பதினோரு பாயிண்ட்," என்றார் சட்டென்று.

பத்துக்கு இரண்டு. தையல்காரருக்கு நாக்குத் தள்ளியது. அப்போதுதான் ஒரு பந்து கைக்கு வாகாக வந்தது. ஆசையாக ஓங்கினார். பக்கத்திலேயே கோச் நின்றிருந்தார், விலக நேரமில்லை.

தையல்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. பந்து குதித்துக் குதித்து மூலைக்கு உருண்டது.

"நல்ல பந்தாச்சே. ஏன் விட்டீங்க?"

"உங்க மேல பட்டுடுமே மேடம். பாயிண்ட் போனா போகட்டும்."

"போகாது சார். வழியில ஆள் நின்னா அடிக்கக் கூடாது. நிறுத்திட்டு ‘லெட்’னு கேட்கணும். மறுபடி ஆடலாம், சில சமயம் பாயிண்டே உங்களுக்குக் கிடைக்கும்." கோச் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "இந்த ரூல் சொல்லிக்கொடுத்தும் பல பேருக்கு வர்றதில்லை. உங்களுக்குத் தானா வருது."

ஞாயிற்றுக்கிழமை. தானே தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று ரூல்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார் தையல்காரர். மனைவி மூன்றாவது முறையாக நாற்காலிகளைத் துடைத்தாள். மகள் நகத்தைக் கடித்தாள்.

காலிங் பெல் அடித்தது. பாய்ந்து போய்க் கதவைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டுப் புடவையில் கோச்!

"மேடம், நீங்களா? எதையாவது அங்கேயே விட்டுட்டு வந்துட்டேனா?" குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் மெதுவா பேசுங்க. கிளாஸ் விஷயம் வீட்ல தெரியாது. பையன் வீட்டுக்காரங்க வேற வர்ற நேரம்... நாளைக்குப் பேசிக்கலாமே?"

கோச் சிரித்தார்.

"நாளைக்கு எப்படி சார்? நான் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."