இமாம் தடுத்த ஒப்பாரி
கம்பளிக் கூடாரத்தின் திரைக்குப் பின்னால் தோக்தோசுன் தாத்தாவின் உடல் கிடக்கிறது. கூரைத் திறப்பின் வழியே விழும் நண்பகல் வெயில், மரச்சட்டத்தில் தொங்கும் அவருடைய கோட்டின் போர்ப் பதக்கங்களில் பட்டுத் தெறிக்கிறது. மகள் சைரா, வழக்கப்படி எல்லோருக்கும் முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் அவளுடைய அண்ணன், மற்ற ஆண்களைப் போல வெறுங்கம்பை ஊன்றாமல், அப்பா கக்கத்தில் வைத்து நடந்த கட்டையையே ஊன்றி ஓலமிடுகிறான். துக்கத்துக்கு வந்தவர்களின் குதிரைகள் வந்து நிற்கின்றன. சைரா மூச்சை இழுக்கிறாள். “அக்கா, ஒப்பாரி கூடாது. மார்க்கத்துல இல்ல. மனசுக்குள்ளயே அழுங்க,” என்கிறார் இளம் இமாம். அவள் திரும்பவில்லை. “தம்பி, ஒத்தக் காலோட போர்லேர்ந்து வந்து, தொண்ணூத்தெட்டு வயசு வரைக்கும் இந்த ஊரையே அதட்டுன மனுஷன் அவரு. திருட்டுத்தனமாவா அனுப்பி வைப்பேன்?” சொல்லிவிட்டுப் பாடுகிறாள். போரில் போன காலைப் பாடுகிறாள், வளர்த்த குதிரைகளைப் பாடுகிறாள், பிறகு குரலை இன்னும் உயர்த்துகிறாள். “கணவாய மூடுன பனியில, ஒத்தக் காலோட குதிரையேறி மருத்துவச்சியக் கொண்டாந்தியே அப்பா! அன்னிக்குப் பொறந்த புள்ள இன்னிக்கு என் வாய மூடச் சொல்லுதே அப்பா!” பெண்கள் பக்கமிருந்து முதல் ஓலம் எழுகிறது. அது இமாமைப் பெற்றவளின் குரல்.