பின்னால் சுற்றிய சக்கரம்

விளம்பரப் படத்து லொறியின் சக்கரம் முதலிலிருந்தே பின்னால்தான் சுற்றியதா என்பது றிக்சனுக்கு இப்போது சரியாக நினைவில்லை.

உள்துறைமுக வீதியில் அவன் கணினியில் அசையும் விளம்பரங்கள் செய்து வந்தான். பெனடிக்ட் முதலாளி தன் லொறிகளுக்கு ஒன்று கேட்டார். போன வருடம் அவர் ஓட்டிய லொறியில்தான் றிக்சனின் அக்கா மெலனி அடிபட்டுச் செத்தாள். லொறி முன்னால் போனது, அவளாக வந்து விழுந்தாள் என்று அவர் சாட்சி சொன்னார். வழக்கு அத்தோடு முடிந்தது. வேறு வேலை வராததால் றிக்சன் மறுக்கவில்லை.

படம் பார்க்க வந்த முதலாளி கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"முன்னுக்குப் போற கொம்பனி எண்டு எழுதிப்போட்டு, சில்லைப் பின்னுக்குச் சுத்த விடுறீர் தம்பி?"

"வேகம் கூடினால் கண்ணுக்கு அப்பிடித் தெரியும் ஐயா. குறைக்கிறன்."

குறைத்தான். சக்கரம் மெதுவாகப் பின்னால் சுற்றியது. சுழலச் சொல்லும் கட்டளையையே அழித்தான். அது இன்னும் அரைச் சுற்று பின்னால் போய், எதன்மீதோ ஏறி இறங்கியதுபோல் ஒருமுறை துள்ளி நின்றது.

முதலாளியின் சிரிப்பு நின்றது.

"நான் றிவேர்ஸ் எடுத்ததை உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள்தான் இப்ப சொல்லுறீங்கள்."

மறுநாள் சட்டத்தரணிக்குக் காட்டியபோது சக்கரம் ஒழுங்காக முன்னால் சுற்றியது. முதலாளி வாய்தவறிச் சொன்னதற்கு வேறு சாட்சியும் இல்லை. முதலாளி விளம்பரத்தை வேறிடத்தில் செய்வித்தார். றிக்சன் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்குப் போனான். அந்த லொறி இன்றும் சம்பூருக்கு ஓடுகிறது. மெலனி, பதிவின்படி, தானாக வந்து விழுந்தவள்.