மெஷினின் மனவருத்தம்

மனிதன் மெஷினிடம் மன்னிப்புக் கேட்கும் நாளோடு மனித இனமே முடிந்தது என்று எத்திராஜ் ஓசூர்த் தொழிற்சாலையின் கேன்டீனில் அறிவித்தான். இழப்பீட்டு மனுவை வாபஸ் வாங்கிய கையோடு, தன் விரலை நசுக்கிய பிரஸ் மெஷினைக் கும்பிட்டுவிட்டு அப்போதுதான் முனிரத்தினம்மா சாப்பிட வந்திருந்தாள்.

"சூடம் ஏத்துனீங்களாக்கா?"

"சிரிடா, சிரி. எனக்கு வேற எந்தக் கம்பெனி கதவு திறக்கும்?"

அடுத்த மாதம் அதே மெஷின் எத்திராஜின் கட்டைவிரலை எடுத்தது. அவனும் மனுப் போட்டான். கட்டுப் போட்ட கையோடு வேலைக்குத் திரும்பியபோது மெஷின் ஓட மறுத்தது. சூப்பர்வைசர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்.

"உன் மேல அது புகார் குடுத்திருக்குப்பா. உன் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துடுச்சாம். ஊர்ல இருக்கற மத்த மெஷினுக்கெல்லாம் சொல்லிடுச்சு. இனிமே எதுவும் உன்னோட வேலை செய்யாது."

"சார், போனது என் விரலு சார்!"

"அதுக்கு மனசே போயிருக்கே. மனுவை வாபஸ் வாங்கிட்டு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு."

எத்திராஜ் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் தலை நிமிரவில்லை. மெல்லக் குனிந்து, மிச்சமிருந்த விரல்களால் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று கேட்டான்.