முக்காடு போட்ட ராணி

“எங்க களவெடுத்த?” என்றுதான் பக்கீர் முகைதீன் முதலாளி முதலில் கேட்டார்.

துணி முடிச்சை அவிழ்த்து வெள்ளிக்காசைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. முகம் சுண்டிப்போனாலும் அவள் நகரவில்லை.

“களவில்ல முதலாளி. எங்கட உம்மாக்குக் கலியாணத்தில மஹரா வந்த காசு. அசலா எண்டு பாத்துச் செல்லுங்க.”

வெள்ளி விலை உச்சிக்கு ஏறிய வருஷம் அது. கல்முனைச் சனமெல்லாம் ஈயத்தையும் தகரத்தையும் துடைத்துக்கொண்டு அவருடைய நகைக்கடைக்குப் படையெடுத்தது. வந்தவர்களின் பெயரை அவர் கேட்பதே இல்லை. “பேரக் கேட்டா சொந்தம் கொண்டாடுவானுகள்” என்பார்.

“எந்த ஊரு?”

“அக்கரைப்பற்று.”

“அதான பாத்தன். நானும் ஒரு காலத்தில அங்க யாவாரம் பண்ணினவன்தான். வெள்ளிக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனம்.”

“மாப்பிள்ள ஊட்டாரும் இது ஈயம் எண்டுதான் செல்றாங்க. உங்கும்மாக்கு மஹரும் இல்ல, கலியாணமும் இல்ல எண்டு ஏசுறாங்க. இது பொய்யெண்டா நாளைக்கு என்ட கலியாணக் காவின் நிண்டுரும்.”

அவள் குரல் உடைந்தது. முதலாளிக்குக் கொட்டாவி வந்தது.

காசைக் கண்ணாடியில் சுண்டிப் போட்டார். கிண்ணென்று கேட்டது. அசட்டையாகத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இது ஆரு, தெரியுமா?”

“முக்காடு போட்டிரிக்கா. யாரோ அவுலியாப் பொம்புள, அல்லாட நேசர் எண்டு உம்மா செல்லுவா.”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “அவுலியாவா! விக்டோரியா ராணி புள்ள, வெள்ளக்காரி! கிழவியானதுக்குப் பொறகு அடிச்ச காசு, அதான் தலையில துணி. மத்தப் பக்கம் பாரு, குதிரைக்காரன் பாம்பக் குத்துறான். விளிம்பச் சுத்தி எழுத்து ஓடுது. கள்ளக்காசு வார்க்கிறவனுக்கு அது சரியா வராது.”

கடைசிச் சோதனை அரம். மேலே பூசிய வெள்ளியென்றால் உள்ளே செம்பு பல்லிளித்துவிடும். முதலாளியின் கையில் அகப்பட்ட காசு எதுவும் குதிரை வாலுக்கு நேரே விளிம்பில் ஒரு கீறல் வாங்காமல் தப்பியதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவற்றுக்கும் அதே கதிதான்.

அரத்தை வைக்கப் போனவர் நிறுத்தினார். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கீறல், பழையது, கறுத்துப் போயிருந்தது.

“ஆரோ தொழில் தெரிஞ்சவன் அராவிரிக்கான். அளவான வேல.” அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான்.

“அப்ப அசல்தானா?”

“ஓம், தனி வெள்ளி.”

“அல்ஹம்துலில்லாஹ்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உம்மாக்கு மஹர் குடுத்தவன் எங்க? வலிகாரனா நிண்டு உன்னக் கைபுடிச்சுக் குடுக்க வாப்பா வேணுமே?”

“நான் உம்மாட வயித்தில இரிக்கக்குள்ள உட்டுட்டுப் போனவர். பொறகு வரல்ல.”

“ஒத்தக் காசக் குடுத்துட்டு ஓடிட்டானா? தூ! அவனெல்லாம் ஒரு ஆம்புளயா? என்ட கண்ணுல பட்டா செருப்பால அடிப்பன்.”

அவள் காசைத் துணியில் முடிந்துகொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து ஒவ்வொரு காசாகப் பார்த்தாள்.

“எல்லாத்திலயும் குதிர வாலுக்கு நேராத்தான் அராவிரிக்கு. எங்க பாக்கணும் எண்டு உம்மா செல்லித்தான் அனுப்பின.”

முதலாளியின் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது.

“நாளைக்கு அசர் தொழுததும் காவின். வந்து வலிகாரரா நில்லுங்க, வாப்பா.”